ஒரு தடவைதான் கேட்டார்கள்

எங்கள் மத்ரசாவின் தலைமையாசிரியர் ஆகவேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று வருடமாக ஆசை. இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண் புருஷனோடு சண்டை என்று சொல்லலாம், மாமியாரைக் கண்டால் ஆகாது என்றுகூடச் சொல்லலாம். ஒரு பதவி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. சொன்னால் அன்றிலிருந்து அவள் பதவிப் பித்துப் பிடித்தவள். அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள்கூட அதைப் பேசிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள்.

என் பெயர் வுர்யானி. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களை பாக் என்றும் பெண்களை இபு என்றும் கூப்பிடுவோம், அதனால் நான் இபு வுர்யானி. வயது ஐம்பத்திரண்டு. ஜாவாவின் சும்பிங் மலையடிவாரத்தில், மகெலாங் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த மத்ரசாவில் இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பழைய தலைமையாசிரியர் பாக் தர்சோனோ மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கைகால் கழுவும்போது அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அறக்கட்டளைத் தலைவர் பாக் ஹாஜி மஸ்ருரி என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பொறுப்புத் தலைமையாசிரியர் என்றால் வேலை முழுக்க உண்டு, பேர் கிடையாது. ஆகஸ்டில் புகையிலை இலை பறிக்க ஆரம்பித்தால் பாதி வகுப்பு காலியாகிவிடும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக் காடுகளுக்கு ஏறி, அப்பன்மாரிடம் கெஞ்சி, மிரட்டி, மதியம்வரை பள்ளிக்கூடம், அதற்கப்புறம் புகையிலை என்று பேசி முடித்துப் பிள்ளைகளை அழைத்து வருவது நான். கூரை ஒழுகினால் வாளி வைப்பது நான். அமைச்சகத்திலிருந்து ஆள் வந்தால் பல்லைக் காட்டுவதும் நான்தான்.

சான்றிதழ் மட்டும் என் கைக்கு வராது. பொறுப்பில் இருப்பவர் அதில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எங்கள் அறக்கட்டளையின் வழக்கம். அதனால் இதே அறக்கட்டளை கீழூரில் நடத்தும் இன்னொரு மத்ரசாவின் தலைமையாசிரியர் போட்டுத் தருவார். போன வருடம் ஒரு பையனின் அம்மா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “யாரு இபு இவரு? எங்க பையன் இவரப் பாத்ததே இல்லங்கறானே” என்று கேட்டாள். அந்தப் பையனைப் புகையிலைக் காட்டிலிருந்து நாலு தடவை இழுத்து வந்தவள் நான். பெரிய இடத்தில் இருப்பவர் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஹெல்மெட்டுக்குள் அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்து பாதை தெரியவில்லை. வளைவில் லாரி வரும் என்ற பயத்தில்தான் அழுகையை நிறுத்தினேன்.

இந்த ஜூன் மாதம், பள்ளி ஆண்டு முடிந்ததும், தலைமையாசிரியரை நிரந்தரமாக நியமிக்கக் கூட்டம் போடுவதாக அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. எங்களிடம் ஓட்டுப் போடுகிற பழக்கம் கிடையாது. பள்ளியை ஆரம்பித்த மார்க்க அறிஞரான பெரிய கியாயின் காலத்திலிருந்தே, கூடி உட்கார்ந்து பேசி ஒருமனதாக முடிவெடுப்பதுதான் முறை. யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் அது ஒருமனது. அதன்மேல் அல்ஃபாத்திஹா ஓதிவிட்டால் முடிந்தது கதை. பிறகு யார் வந்தாலும் மாற்ற முடியாது.

இன்னொரு முறையும் உண்டு. எதையும் முதல் தடவையே வாங்கிவிடக்கூடாது. தேநீர் வைத்தால்கூட, குடியுங்கள் குடியுங்கள் என்று மூன்று தடவை சொல்லும்வரை டம்ளரைத் தொடமாட்டோம். பதவிக்கும் அதே சட்டம்தான். முதல் தடவை கேட்டால், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லவேண்டும். இரண்டாம் தடவை, என்னைவிட நல்லவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் தடவை தலையைக் குனிந்துகொண்டு, இறைவன் நாட்டம் அப்படியானால் நான் என்ன சொல்வது என்று முனகவேண்டும். பாக் தர்சோனோ தன் காலத்தில் நாலாம் தடவைவரை இழுத்தார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். எதற்குப் பெருமைப்படுவது என்று ஒரு கணக்கு இல்லை.

இதில் ஒரு சங்கடம். மறுக்கிறவளுக்கு வற்புறுத்த ஆள் வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கம்தினியோடு செய்துகொண்டேன். கம்தினி மொழிப்பாடம் எடுப்பவள். என்னைவிட மூன்று வயது இளையவள், இருபது வருடமாக ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை. இருவரும் ஒரே டப்பாவில் மதியச் சோறு சாப்பிடுகிறோம். வாயாடி. அவள் பேச ஆரம்பித்தால் மணி அடிப்பதுகூட யாருக்கும் கேட்காது. கூட்டத்துக்கு முந்திய நாள் அவளிடம், நான் மறுத்த பிறகு நீதான் தொடங்கவேண்டும் என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

“நீங்க பாட்டுக்கு வேணாம்னு சொல்லுங்கக்கா. மிச்சத்த என்கிட்ட விடுங்க” என்றாள். “நான் ஒரு வார்த்த எடுத்து விட்டா போதும், பின்னாடியே பத்துப் பேரு புடிச்சுக்குவாங்க.”

“மறந்துட மாட்டியே?”

“உங்க தலையில ஏறி உக்காந்து ஒத்துக்க வைக்கிறேன், பாத்துக்கிட்டே இருங்க.”

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்து, மத்ரசாவை ஒட்டிய விடுதியின் பெரிய கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஆண்கள் முன்னால், நாங்கள் பின் சுவரோரம். ஆளுக்கொரு அட்டைப் பெட்டியில் வாழையிலையில் சுற்றிய லெம்பர் அரிசிப் பலகாரம், அவித்த கடலை, ஒரு துண்டு கேக். பாக் ஹாஜி மஸ்ருரி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். பெரிய கியாயின் மருமகன், அறுபது தாண்டியவர், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. என் முன்னால் தேநீரை வைக்கச் சொல்லி, ஆறிப்போகும் குடியுங்கள் இபு என்று சரியாக மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை நான் எடுத்துக் குடித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனிதருக்கு மூன்றுவரை எண்ணத் தெரியும்.

ஓதல், வரவேற்பு, அப்புறம் பெரிய கியாயின் சேவைகளைப் பற்றி முக்கால் மணி நேரம். எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். “மூணு வருஷமா இபு வுர்யானி பொறுப்பா பாத்துக்கிட்டாங்க. அவங்களையே போட்டுடலாமான்னு ஒரு யோசனை. என்ன சொல்றீங்க இபு?”

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. இருபத்தெட்டு வருடமாக ஆயிரம் பிள்ளைகள் முன்னால் நின்றவள் நான், அந்த நேரத்தில் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. “எனக்கு அந்தத் தகுதி இல்லங்க, பாக் ஹாஜி. என்னைவிட நல்லவங்க இருக்காங்க” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, முதல் தடவைக்கு உள்ளதையும் இரண்டாம் தடவைக்கு உள்ளதையும் பதற்றத்தில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கணக்கு டீச்சர், எண்ணத் தெரியாமல் போய்விட்டது.

சரி, கம்தினி இருக்கிறாளே என்று காத்திருந்தேன். கண்ணை நிமிர்த்தக்கூடாது, அது முறையில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். கம்தினி லெம்பரின் வாழையிலையை உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாக யாரும் ஒரு இலையை உரித்து நான் பார்த்ததில்லை. முழங்காலால் அவளை இடித்தேன். அவள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

முன் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இதோ யாரோ தொடங்குகிறார்கள் என்று நினைத்தேன். அது வெறும் சளி.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் மஸ்ருரி. “இதுக்குப் பேருதான் தூய மனசு. தேடி வந்த பதவிய வேணாங்கறாங்க பாருங்க. நம்ம பிள்ளைங்க கத்துக்க வேண்டியது இதத்தான்.” எல்லோரும் தலையாட்டினார்கள். என் மறுபக்கம் இருந்த விடுதிச் சமையற்கூடக்காரி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவளைக் கடித்துவிடலாம் போலிருந்தது. மூன்று வருடம் பாடுபட்டவளுக்குக் கிடைத்தது ஒரு பாராட்டு, அதுவும் வேண்டாம் என்று சொன்னதற்கு.

அடுத்த பெயர் அவர் வாயில் தயாராக இருந்தது. குஸ் ஹில்மி. பெரிய கியாயின் கடைக்குட்டி மகன். இருபத்தேழு வயது, கெய்ரோவில் படித்துத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. கியாய் வீட்டுப் பையன்களை நாங்கள் குஸ் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவோம், அவர்கள் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றாலும். இவர் மூக்கு ஒழுகி நின்ற வயதில் இவருக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது விடுதிக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக் காப்பிக்கொட்டை வறுக்கிறார். பத்து மணிக்கு அந்த வாசனை வந்தால் என் வகுப்பில் ஒருவனுக்கும் பாடம் ஏறாது. அன்று கதவோரம் உட்கார்ந்திருந்தவர் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டு, தனக்குத் தகுதி இல்லை என்றார்.

அவ்வளவுதான். அதுவரை ஊமையாக இருந்த கூடத்துக்குத் திடீரென்று வாய் முளைத்தது. கியாயின் ரத்தம் ஓடுகிறதே என்றார் ஒருவர். கெய்ரோவில் படித்தவருக்குத் தகுதி இல்லை என்றால் வேறு யாருக்கு என்றார் இன்னொருவர். இவருடைய அப்பா கண்ணுக்குள் நிற்கிறார் என்று ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹில்மி இரண்டாம் தடவையும் மறுத்தார். கூடம் இன்னும் சூடாக வற்புறுத்தியது. முறை என்பது எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. என் விஷயத்தில் மட்டும்தான் மறந்துபோனது. எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட, இத்தனை பேரில் ஒருவர் முகத்திலும் ஒரு சங்கடம்கூட இல்லையே, அதுதான் தாங்கவில்லை.

அப்போதுதான் மஸ்ருரி அந்தக் காரியத்தைச் செய்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“இபு, நீங்க அவருக்கு டீச்சர். உங்க பேச்சத் தட்ட மாட்டாரு. மூணாவது தடவ நீங்களே கேட்டுடுங்க.”

என் இடத்தில் உட்காரப்போகிறவரைப் பாயில் உட்காரவைத்து நானே கெஞ்சவேண்டும். கூடம் முழுக்க ஆவலாகப் பார்த்தது. எல்லோருக்கும் அது அழகான முடிவாகத் தோன்றியிருக்கும், ஆசிரியை கேட்கிறாள், மாணவன் தலைகுனிந்து ஏற்கிறான். எனக்குள் ஏதோ அறுந்தது. அறுந்த பிறகு என் குரல் ஆச்சரியமாக அமைதியாக வந்தது.

“குஸ் ஹில்மிய அவரு சின்னப் பையனா இருந்ததுலேர்ந்து எனக்குத் தெரியும்” என்றேன். “கணக்குல தப்பு விடுவாரு, பொய் சொல்ல மாட்டாரு. ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டாரு. என்னை ஒரே தடவையில நம்புனீங்க, பாக் ஹாஜி. அவரையும் நம்பிடுங்க.”

மஸ்ருரியின் சிரிப்பு அதே இடத்தில் நின்றது, விழா முடிந்தும் எடுக்க மறந்த வரவேற்புப் பலகை போல. கம்தினி கையில் பாதி லெம்பரோடு என்னைப் பார்த்தாள்.

ஹில்மிதான் முதலில் பேசினார். தலையை நிமிர்த்தி, சிறையிலிருந்து வெளியே வந்தவனைப் போல மூச்சு விட்டு, “இபு சொல்றதுதாங்க நெசம்” என்றார். “நான் மரியாதைக்குச் சொல்லல. நெஜமாவே வேணாம். என்கிட்ட குடுத்தீங்கன்னா ஒரே வருஷத்துல பள்ளிக்கூடம் படுத்துடும். இப்ப அது யாரால நடக்குதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இளையவர் ஒரு பெயரை முன்மொழிவது முறையில்லை. எங்கள் ஊரில் நல்ல பையன்கள்கூட முக்கால்வாசி வரைதான் நல்லவர்கள்.

மஸ்ருரி கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் நிஜமாகவே மறுத்த ஆளை அவர் பார்த்திருக்கமாட்டார், அதற்கு என்ன செய்வது என்று முறையில் எதுவும் எழுதவில்லை. ஆனால் தலைவர்களுக்கு ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கும். “சரி, அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார். “அடுத்த வருஷம் உக்காந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் இபு வுர்யானியே பொறுப்பா பாத்துக்கட்டும். நல்லாத்தானே போயிட்டிருக்கு.”

கூடமே பெருமூச்சு விட்டது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, யாரும் யாரையும் எதிர்க்கவேண்டியதில்லை. முதுகுகள் தளர்ந்தன. பெட்டிகளை மூடுகிற சத்தம் கேட்டது. நான்காவது வருடம் என் கண்முன்னால் வந்து நின்றது: மேட்டுக் காடு, வாளி, அமைச்சகத்து ஆள், கடைசியில் கீழூர்க்காரர் பெயர் போட்ட தாள். ஓதுவதற்காக மஸ்ருரி இரண்டு கைகளையும் தூக்க ஆரம்பித்தார். கை முழுதும் மேலே போய்விட்டால் நான் இன்னொரு வருடம் பொறுப்பு. வருடம் முடிந்தால் இன்னொன்று.

“எனக்கு வேணும்” என்றேன்.

கை பாதியில் நின்றது. அவர் என் முன்னால் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். தேநீர் கொண்டுவரச் சொல்லி ஒருவரைப் பார்த்துக் கண் காட்டினார்.

“தேநீர் இல்லங்க. தலைமையாசிரியர் வேலை. மூணு வருஷமா நான் செஞ்சுக்கிட்டிருக்கறதுதான். அது எனக்கு வேணும்.”

நான் பிறந்ததிலிருந்து ஒரு கூட்டத்தில் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மற்றவர்களும் கேட்டதில்லை என்பது பக்கத்திலிருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. திரும்பினால், என் முக்காடு நழுவியிருக்கும்போது பார்த்துவிட்டதைப் போல ஆகிவிடும் என்று பயந்தார்கள். என் பக்கத்துச் சமையற்கூடக்காரி தன் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தப்பான காரியம் எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தும், திருடிவிட்டுப் பிடிபட்டவளைப் போலக் கூசினேன். கூசுகிறதே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மஸ்ருரி கையை இறக்கினார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். பதில் இல்லை. முன் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்து மறுபடி கேட்டார். ஆட்சேபிக்கவும் வாயைத் திறக்கவேண்டுமே, அதற்கு எங்கள் ஆட்கள் எங்கே போவார்கள். மூன்றாவது தடவையும் கேட்டார். ஆமாம், இதை மட்டும் மூன்று தடவை கேட்டார்.

“சரி. இபு இவ்வளவு ஆசப்படறாங்க. நாம ஏன் தடுக்கணும்?” என்றார்.

முடிவை எழுதிக்கொண்டிருந்தவர் எப்படி எழுதுவது என்று தயங்கினார். சொந்த வேண்டுகோளின்படி என்று போடுங்கள் என்றார் மஸ்ருரி. வேலையை விட்டுப் போகிறவர்களின் காகிதத்தில்தான் அந்த வாசகத்தை எழுதுவோம். வேலைக்கு வருகிறவளுக்கு அதை எழுதியது எங்கள் மத்ரசாவில் அதுதான் முதல் தடவை. பிறகு அல்ஃபாத்திஹா ஓதினார்கள். நானும் ஓதினேன். ஆமீன் சொல்லும்போது எல்லோர் குரலும் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

கிடைத்துவிட்டது. இதற்காகத்தான் மூன்று வருடம் மனசுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இப்போது குளிரவேண்டும், குளிரவில்லை. பசித்தவளைக் கூப்பிட்டு இலை போட்டுப் பரிமாறியிருக்கவேண்டும். நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்று வாங்கினேன். சோறு அதே சோறுதான், வயிறும் நிறையும். ஆனால் இனிமேல் இந்த ஊரில் நான் கேட்டு வாங்கியவள். என்னை வற்புறுத்துவதற்கு அங்கே முப்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து விரல் நுனியால் என் கையைத் தொட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹில்மி தூரத்திலிருந்தே குனிந்து சலாம் சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் ஏறக்குறைய ஓடினார். அவருடைய சனிக்கிழமை வறுவல் பாக்கி இருந்திருக்கும்.

கம்தினி கடைசியாக வந்தாள். குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினாள். அது அவள் காலடியில்தான் கிடந்தது.

“மனசுல வச்சுக்காதீங்கக்கா. யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா நானும் சேந்துக்கலாம்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

“ஆனாலும் நீங்க அப்படிப் பச்சையா கேட்டிருக்க வேணாம். எல்லாரும் என்ன நெனப்பாங்க? நான் உங்க இடத்துல இருந்தா வாயத் திறந்து கேட்டிருக்கவே மாட்டேன்.”

“உன் இடத்துல இருந்துகிட்டே நீ வாயத் திறக்கலையே, கம்தினி” என்றேன்.